சம்பா நாட்டில் சிவன் கோயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாம் போய்வந்த நண்பர்கள் மீ சோன் கோயில்களின் படங்களைக் காட்டும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் எழுகின்றன. சோழர்கள் கட்டியதா, தமிழர்கள் ஆண்ட ஊரா, லிங்கம் அங்கே எப்படிப் போனது? ஆர்வத்தில் கேட்கும் கேள்விகள்தான். ஆனால் அந்தக் கோயில்களைக் கட்டிய சாம் மக்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், அதே கோபுரங்களில் பூசை செய்கிறார்கள். அதனால் அவர்களை நடுவில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

சம்பா நாடு எங்கே இருந்தது? எவ்வளவு காலம் இருந்தது?

இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியும் தெற்குக் கடற்கரையும்தான் சம்பா. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல், இரண்டுக்கும் நடுவே ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய சிறு சமவெளிகள். ஒவ்வொரு சமவெளியிலும் ஒரு தலைமை இருந்தது. அமராவதி, விஜயா, கௌதாரம், பாண்டுரங்கம் என்று அவற்றுக்குப் பெயர். எல்லாவற்றையும் ஒரே அரசன் ஆண்ட காலமும் உண்டு, தனித்தனியே இயங்கிய காலமும் உண்டு. அதனால் சம்பாவை ஒரே பேரரசாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சீனக் குறிப்புகளின்படி, கி.பி. 192 வாக்கில் ஹான் பேரரசின் தென்கோடியில் ஒரு கிளர்ச்சி நடந்து, லின்யி என்ற அரசு உருவானது. சம்பாவின் கதையைப் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்குவார்கள். 1471இல் வியட்நாமிய அரசர் லே தான் தோங் விஜயா நகரைக் கைப்பற்றினார். தெற்கே எஞ்சியிருந்த பாண்டுரங்கத்தை 1832இல் மின் மாங் பேரரசர் முழுவதுமாக இணைத்துக்கொண்டார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கும் மேலான கதை இது. அந்தப் பாண்டுரங்கம்தான் பேச்சில் தேய்ந்து இன்றைய பான் ராங் நகரின் பெயராக நிற்கிறது.

சாம் மக்கள் இந்தியாவிலிருந்து குடியேறியவர்களா?

இல்லை. சாம் மொழி மலாய், அச்சே மொழிகளின் உறவு. அவர்களின் முன்னோர்கள் தீவுகளிலிருந்து கடல்வழியே இந்தக் கரைக்கு வந்தவர்கள். சம்பா உருவாவதற்கு முன்பே இங்கே சா ஹுயின் பண்பாடு என்ற ஒன்று இருந்தது. பெரிய மண்தாழிகளில் இறந்தவர்களைப் புதைத்த அந்த மக்கள், கூடவே சூதுபவள மணிகளையும் கண்ணாடி மணிகளையும் வைத்தார்கள். இந்தியாவில் செய்த மணிகளும், இந்தியக் கைநேர்த்தியில் செய்த மணிகளும் அவற்றில் இருக்கின்றன. அதாவது, லிங்கம் போவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே மணி போய்விட்டது. வணிகர்கள் முன்னே போனார்கள், தெய்வங்கள் பின்னால் போயின.

அப்படியானால் சோழரோ பல்லவரோ படையெடுத்துப் போய்ப் பரப்பினார்களா?

அதுவும் இல்லை. இராசேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் தாக்கியது ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களையும் கடாரத்தையும். மீ சோனில் முதல் சிவாலயம் எழுந்தது அதற்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு! ஒரு இந்திய அரசனும் சம்பாவை ஆளவில்லை.

இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு இதில்தான் வியப்பே. படை நடத்திப் பிடித்த நாட்டில் நம் தெய்வத்தை வைப்பது பெரிய காரியமில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒரு மக்கள் கூட்டம் அந்தத் தெய்வத்தைத் தானே கூப்பிட்டு வைத்துக்கொண்டது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் விடாமல் வைத்திருந்தது. பெரிய காரியம் அதுதான்.

பிறகு எப்படித்தான் போய்ச் சேர்ந்தது?

பருவக்காற்றோடு. காற்று ஒரு பருவத்தில் கிழக்கே தள்ளும், இன்னொரு பருவத்தில் மேற்கே திருப்பும். இடையில் கப்பல்காரர்கள் மாதக்கணக்கில் துறைமுகங்களில் தங்க வேண்டும். சீனாவுக்குப் போகிற கப்பல்கள் சம்பாக் கரையைத் தொடாமல் போவது கடினம். தண்ணீர், விறகு, அப்புறம் சரக்கு. சம்பாவின் பெரிய சரக்கு அகில். நம் ஊரில் கூந்தலுக்குப் புகை போட்ட அதே அகில்தான். நா ட்ராங் பக்கத்து மலைகளின் அகிலுக்கு இன்றும் தனி மதிப்பு. யானைத் தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் அதே மலைகளிலிருந்து இறங்கின.

கப்பலில் வணிகர்களோடு அந்தணர்களும் புத்த துறவிகளும் வந்தார்கள். உள்ளூர்த் தலைவர்களுக்கு அவர்களால் ஒரு பயன் இருந்தது. பக்கத்துச் சமவெளித் தலைவனைவிடத் தான் பெரியவன் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு பட்டப்பெயர், ஒரு மந்திரம், எல்லா ஊரிலும் மதிக்கப்படும் ஒரு எழுத்துமொழி, மலைபோல் ஒரு தெய்வம். இவை எல்லாமே அந்தணரிடம் கிடைத்தன. சமஸ்கிருதம் அன்று காந்தாரத்திலிருந்து சாவகம் (ஜாவா) வரை அரசவைகளின் பொதுமொழி. அதில் கல்வெட்டு வெட்டினால் அந்த வட்டத்தில் தானும் ஒருவன் என்று பொருள்.

சம்பாவில் புகழ்பெற்ற முதல் அரசன் பத்ரவர்மன். காலம் ஏறத்தாழ நான்காம் நூற்றாண்டின் இறுதி. அவன் தன்னைத் 'தர்ம மகாராஜன்' என்று அழைத்துக்கொண்டான். காஞ்சிப் பல்லவர்களும் அதே பட்டத்தைப் பயன்படுத்தினார்கள். 'வர்மன்' என்ற முடிவும் இரண்டு பக்கமும் பொது. அவன் கல்வெட்டின் எழுத்தும் தென்னிந்தியப் பிராமியின் சாயல். சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிலைக்கட்டும் என்ற வாக்கு நம் கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவற்' என்று வருமே, அதுவும் அங்கே இருக்கிறது. தென்னிந்தியாவோடு உறவு இருந்தது என்பதற்கு இந்த ஒற்றுமைகள் போதும். படையெடுப்புக் கதை தேவைப்படவில்லை.

வோ கான் கல்வெட்டில் வரும் 'ஸ்ரீமாறன்' பாண்டிய மன்னனா?

நா ட்ராங் அருகே வோ கான் என்ற ஊரில் கிடைத்த கல் இது. இப்போது ஹனோய் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் ஒன்று. 'ஸ்ரீமார ராஜகுலம்' என்று ஒரு அரச குடும்பத்தைச் சொல்கிறது. மாறன் என்பது பாண்டியர் பெயராயிற்றே என்று அறிஞர்கள் சிலர் இரண்டையும் இணைத்தார்கள். வேறு சிலர் இன்றைய கம்போடியாப் பக்கத்தில் இருந்த பூனான் நாட்டு அரசன் ஒருவனோடு இணைத்தார்கள்.

கல்வெட்டு தன் அரசன் எங்கிருந்து வந்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் பெயர் ஒற்றுமையை வைத்துப் பாண்டியன் என்று அடித்துச் சொல்வதற்கு நான் தயாரில்லை. கல்வெட்டில் இருப்பது வேறு ஒரு அழகான விஷயம். ஒரு பௌர்ணமி நாளில், சபை நடுவில், உலகில் வருவதும் போவதுமான நிலையை எண்ணிப் பார்த்த ஓர் அரசன், தன் வெள்ளி, பொன், தானியக் களஞ்சியம் எல்லாம் தன் அன்புக்குரியவர்களுக்குப் பொதுவாகட்டும் என்று சொல்கிறான். அவன் யாராக இருந்தாலும் அந்த வரிக்காக நினைவில் வைக்கத்தக்கவன்.

மீ சோனில் என்ன சிறப்பு?

டா நாங் நகருக்குத் தென்மேற்கே, சுற்றிலும் மலை சூழ்ந்த ஒரு சிறு பள்ளத்தாக்கு. உள்ளே ஓர் ஓடை. எழுபதுக்கு மேற்பட்ட செங்கல் கோயில்கள் இங்கே எழுந்தன. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை அரசனுக்குப்பின் அரசன் இங்கே வந்து கட்டிக்கொண்டே இருந்தான்.

தொடங்கி வைத்தவன் பத்ரவர்மன். தான் நிறுவிய லிங்கத்துக்குப் பத்ரேஸ்வரன் என்று பெயர் வைத்தான். தன் பெயரோடு ஈசன் பெயரைச் சேர்ப்பது நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசேச்சரம் என்று பெயர் வந்ததும் இதே வழக்கப்படிதான். ஆனால் காலத்தில் பத்ரேஸ்வரன் தஞ்சைக்கு அறுநூறு ஆண்டு மூத்தவன்.

அந்தக் கோயிலுக்கு அவன் விட்ட நிலத்தின் சாசனம் கல்லில் இருக்கிறது. எல்லைகளாக மலைகளைச் சொல்லிவிட்டு, விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு வரி என்பது நாட்டு வழக்கம், அதை அரசன் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறான், அது தெய்வத்துக்குச் சேர வேண்டும் என்கிறது. ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்பது இந்திய தரும நூல்களின் கணக்கு. நம் தேவதானச் சாசனங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கல்லைப் படிக்கும்போது ஏதோ நம்மூர்க் கோயில் மதிலோரம் நிற்பதுபோல் இருக்கும்.

பத்ரவர்மன் கட்டிய கோயில் தீயில் அழிந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்புவர்மன் திரும்பக் கட்டினான். பழைய பெயரை விடாமல் தன் பெயரையும் சேர்த்துச் 'சம்புபத்ரேஸ்வரன்' என்றான். பின்னால் வந்த அரசர்கள் லிங்கத்துக்குக் கவசம் செய்து சாத்தினார்கள். சாம் கல்வெட்டுகள் அதைக் 'கோசம்' என்று சொல்கின்றன. பொன்னாலும் வெள்ளியாலும் செய்து, முகம் வைத்து, மணி பதித்த உறை. நம் ஊரில் விசேஷ நாளில் மூலவருக்குக் கவசம் சாத்துகிறோமே, அந்த எண்ணம்தான்.

டா நாங்கில் சாம் சிற்பங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. போகிறவர்கள் மீ சோனிலிருந்து வந்த இரண்டு கற்களின் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். ஒன்று, ஏழாம் நூற்றாண்டு லிங்கப் பீடம். பக்கங்களில் துறவிகளின் அன்றாட வாழ்க்கை செதுக்கியிருக்கிறது. ஒருவர் வாத்தியம் வாசிக்கிறார், ஒருவர் விலங்குகளுக்கு உபதேசம் செய்கிறார், ஒருவருக்கு இன்னொருவர் உடம்பு பிடித்துவிடுகிறார். பீடத்தில் இதையெல்லாம் செதுக்கலாம் என்று நினைத்த சிற்பியை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்னொன்று, நின்ற கோலப் பிள்ளையார். தும்பிக்கை கிண்ணத்து இனிப்பின்மேல் இருக்கிறது. நம் பிள்ளையாரைவிட ஒல்லி. முகத்தில் இருக்கும் அமைதி முழுக்க முழுக்கச் சாம் கைவண்ணம்.

கல்வெட்டெல்லாம் சமஸ்கிருதத்தில்தானா? அவர்கள் மொழி என்ன ஆனது?

இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. ட்ரா கியூ அருகே டோங் யென் சாவ் என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டு பழைய சாம் மொழியில் இருக்கிறது. தென்கிழக்காசிய மொழிகளில் எழுதப்பட்டவற்றிலேயே மிகப் பழையது என்று கருதப்படுவது. அது ஒரு நீர்நிலையைக் காக்கும் நாகத்தைப் பற்றிய அறிவிப்பு: இது அரசனின் புனித நாகம், மதிப்பவர்களுக்கு வானத்திலிருந்து மணிகள் விழும், இழிவு செய்பவர்கள் ஏழு தலைமுறைக் குடும்பத்தோடு ஆயிரம் ஆண்டு நரகத்தில் கிடப்பார்கள். 'சித்தம்' என்ற இந்திய மங்கலச் சொல்லோடு தொடங்கி, நரகத்துக்கும் இந்தியச் சொல்லையே எடுத்துக்கொண்டு, வாக்கியத்தைச் சாம் இலக்கணத்தில் அமைத்திருக்கிறார்கள். சம்பாவின் பண்பாடு எப்படி இயங்கியது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு கல்லைக் காட்டினால் போதும்.

அதே ட்ரா கியூவில் ஏழாம் நூற்றாண்டு அரசன் பிரகாசதர்மன் வால்மீகிக்கு ஒரு கோயில் எடுத்தான். இறைவனுக்கு இல்லை, கவிஞனுக்கு! சோகத்திலிருந்து சுலோகம் பிறந்த கதையை அந்தக் கல்வெட்டு நினைவுகூர்கிறது.

ஆண்டுக் கணக்குக்குச் சக ஆண்டு. சாம் எழுத்து இன்றும் உயிரோடு இருக்கிறது, பிராமி வழி வந்தது. கிழமைப் பெயர்களைக் கேளுங்கள்: ஞாயிறு அதித், செவ்வாய் அங்கார், புதன் புத், வெள்ளி சுக். ஆதித்தன், அங்காரகன், புதன், சுக்கிரன் என்று நம் பஞ்சாங்கத்தில் இருக்கிற அதே கிரகங்கள்.

போ நகர் அம்மன் யார்?

'நாட்டின் தாய்' என்று பொருள் கொள்ளலாம். 'போ' என்பது சாம் மொழியில் மரியாதைச் சொல், 'நகர்' நமக்குத் தெரிந்த சொல்தான். நா ட்ராங்கில் ஆற்று முகத்தைப் பார்த்த குன்றின்மேல் இவளுக்குக் கோபுரங்கள். உள்ளூர்த் தாய்த்தெய்வமும் பகவதியும் ஒருவராகிவிட்ட இடம் இது. எது முதலில், எது பின்னால் என்று பிரிக்க முயல்வது பாலில் கலந்த நீரைப் பிரிப்பது போன்றது.

774இல் சாவகப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த கொள்ளையர்கள் கோயிலைக் கொளுத்தி, முகலிங்கத்தையும் (முகம் செதுக்கிய லிங்கம்) தூக்கிக்கொண்டு போனார்கள். சத்தியவர்மன் துரத்திப் போனான், ஆனால் லிங்கம் திரும்பக் கிடைக்கவில்லை. 784இல் புதிதாகக் கட்டி முடித்தான். 918இல் அம்மனுக்குப் பொற்சிலை வைத்தார்கள். கம்போடியாவின் கெமர் படை அதைக் கொண்டுபோனது. 965இல் கல்லில் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்ப வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நாடு வியட்நாமியர் கைக்குப் போன பிறகும் அம்மன் போகவில்லை. தியென் ஈ ஆ நா என்ற பெயரில் வியட்நாமியர்களும் கும்பிடுகிறார்கள். பெரிய கோபுரத்துக்குள் பத்துக் கைகளோடு அமர்ந்த கல்சிலைக்குப் பட்டு உடுத்தி, ஊதுவத்தி ஏற்றுகிறார்கள்.

பௌத்தம் இல்லையா?

இருந்தது. இரண்டாம் இந்திரவர்மன் 875இல் இந்திரபுரத்தில், அதாவது இன்றைய டோங் டுவோங்கில், லட்சுமீந்திர லோகேஸ்வரர் பெயரில் ஒரு பெரிய மகாயான மடம் கட்டினான். ஆனால் சிவனே பெரும்பாலான அரசர்களின் முதல் தெய்வம்.

சாதியும் போனதா?

கல்வெட்டுகளில் நான்கு வருணங்களும் வருகின்றன. அரசர்கள் சிலர் பிராமண, சத்திரிய மரபு இரண்டையும் உரிமை கொண்டாடினார்கள். ஆனால் கல்வெட்டில் வருவதற்கும் வீட்டில் நடப்பதற்கும் தூரம் உண்டு. சாம் சமூகம் தாய்வழிச் சமூகம். இன்றும் வம்சம் அம்மா வழியில்தான், கணவன் மனைவி வீட்டுக்குப் போகிறான், வீட்டுப் பொறுப்பும் சொத்தும் பெண்பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் கடைசி மகளுக்கு. எந்த இந்திய தரும நூலும் இதை மாற்றவில்லை. சிவனை எடுத்துக்கொண்டார்கள், மனுவை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

சம்பா அரிசி இங்கிருந்து வந்ததா?

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம். சீன வரலாற்றில் 'சம்பா நெல்' புகழ்பெற்றது. வறட்சியைத் தாங்கி விரைவில் விளையும் ரகம். 1012இல் சோங் பேரரசர் சென்சோங் அந்த விதையை யாங்சி ஆற்றுப் பகுதிக்கு அனுப்பினார். சீனாவின் உணவு உற்பத்தியையே மாற்றிய நெல் அது. நம் சம்பாவோ சுமார் ஐந்து மாதம் நின்று விளையும் நீண்டகாலப் பயிர். குணத்தில் அந்த நாட்டு நெல் நம் குறுவைக்குத்தான் நெருக்கம்.

அந்தச் செங்கல் கோயில்களில் சாந்தே இல்லை என்கிறார்களே?

கண்ணுக்குத் தெரிகிற சாந்துப் பட்டை இல்லை. செங்கற்களை ஒன்றோடொன்று நெருங்க அடுக்கி, மரப்பிசின் போன்ற மெல்லிய பொருளால் ஒட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சுவரை எழுப்பிய பிறகு செங்கல்லின்மேலேயே சிற்பம் செதுக்கினார்கள். பழைய செங்கல் இன்னும் சிவந்து கிடக்க, இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்க்க வைத்த புதுச் செங்கல் பாசி பிடித்துக் கறுத்திருப்பதை அங்கே போகிறவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் மீ சோனில் குண்டு வீசின. அங்கிருந்தவற்றிலேயே பெரிய கோபுரம் மண்மேடானது. 1980களில் போலந்துக் கட்டடக் கலைஞர் காசிமியர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி, கண்ணிவெடி அகற்றாத அந்தக் காட்டில் தங்கி வேலையைத் தொடங்கினார். 1999இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2017 முதல் இந்தியத் தொல்லியல் துறை சில கோயில் தொகுதிகளைச் சீரமைத்தது. 2020 மே மாதம் அந்தப் பணியின்போதுதான் மண்ணுக்கடியிலிருந்து ஒரே கல்லில் செய்த, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த லிங்கம் வெளிப்பட்டது. நம்மவர்கள் அங்கே போய் இப்படி வேலை செய்ததில் எனக்குப் பெருமை.

சாம் இந்துக்கள் இன்றும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். வியட்நாமின் 2019 மக்கள்தொகைக் கணக்குப்படி சாம் மக்கள் சுமார் 1,79,000 பேர். அவர்களில் 'பாலமோன்' எனப்படுபவர்கள் சைவ மரபில் வந்தவர்கள். பிராமணன் என்ற சொல்தான் பாலமோன் ஆனது. இறந்தவர்களைத் தகனம் செய்கிறார்கள், மாட்டிறைச்சியைத் தவிர்க்கிறார்கள். இன்னொரு பெரும் பிரிவான 'பானி' மக்கள் இசுலாமிய மரபைத் தங்கள் வழியில் பின்பற்றுபவர்கள். இரண்டு பிரிவும் ஒன்றுக்கொன்று துணை, ஒன்றில்லாமல் மற்றது முழுமையில்லை என்பது சாம் மக்களின் எண்ணம்.

பாலமோன் மக்களின் பெரிய திருவிழா 'கதே'. செப்டம்பர், அக்டோபர் வாக்கில், சாம் நாள்காட்டியின் ஏழாம் மாத முதல் நாளில் வரும். பான் ராங்கில் போ குளோங் கராய் கோபுரத்துக்குப் போங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறுதியில் மூன்றாம் ஜய சிம்மவர்மன் கட்டியது. உள்ளே முகலிங்கம். அந்த முகத்தைத் தெய்வமாகிவிட்ட தங்கள் பழைய அரசர் போ குளோங் கராய் என்று சொல்லிக் கும்பிடுகிறார்கள்.

தெய்வத்தின் உடைகளை மலைவாழ் ராக்லாய் மக்கள் ஆண்டு முழுவதும் பாதுகாத்து, விழாவுக்கு ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். வாசலில் நந்தி. பூசாரிகள் முதலில் கதவு திறக்கும் சடங்கைச் செய்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் ஆமையோட்டில் செய்த 'கன்யி' என்ற தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டே தெய்வங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாடி அழைக்கிறார். உள்ளே இடம் குறுகல், நாலைந்து பேருக்குமேல் நிற்க முடியாது. பூசாரியும் மூத்த பெண் ஒருவரும் கல் முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, உடையை அடுக்கடுக்காக உடுத்தி, தலைப்பாகை வைக்கிறார்கள். வெளியே பழத்தட்டோடு காத்திருக்கும் குடும்பங்கள் அதன்பிறகுதான் பாய் விரித்து உட்காருகின்றன.